பிசையக் கூடாத ரொட்டி: அயர்லாந்து கிராமத்து அடுப்படிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லீட்ரிம் கவுண்டிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுப் பாட்டி சுடுவதைப் பார்த்து நானும் சோடா ரொட்டி சுடக் கிளம்பினேன். மாவு, சோடா, உப்பு, மோர். நாலே நாலு பொருள், இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று ஒரு தைரியம். சப்பாத்திக்குப் பிசைகிற அதே கையோடு பத்து நிமிடம் மாவைக் குத்தி, மடித்து, அடித்து, வழுவழுவென்று ஒரு பந்தாக உருட்டி ஓவனில் வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து மேசையில் போட்டால் ‘டொக்’ என்றது. கத்தி இறங்கவில்லை.

மறுமுறை பாட்டியே வந்து பக்கத்தில் நின்றார். நான் கிண்ணத்துக்குள் கைவிட்டு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. “போதும், விடு. அந்த மாவு உனக்கு என்ன பாவம் செய்தது?” என்று என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கேஸும் கரண்டும் வருவதற்கு முன், தரையோடு இருந்த கணப்பு அடுப்பில் அவருடைய அம்மா சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவர். அவரிடம் கற்றதையும், கெடுத்துக் கெடுத்து நானாகத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். வேலைக்காக இந்த ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்குச் சட்டென்று உபயோகப்படும். வேறு எங்கே இருந்தாலும், தோசைக்கல் இருந்தால் பாதிக்கு மேல் செய்துவிடலாம்.

ஈஸ்ட் ஏன் இல்லை

அயர்லாந்தின் குளிரிலும் ஈரத்திலும் விளைகிற கோதுமை மென்மையான ரகம். ஈஸ்ட் ரொட்டியைத் தூக்கி நிறுத்துகிற பசைப் புரதம் அதில் குறைவு. குடிசை வீடுகளில் ஓவனும் கிடையாது. கணப்பில் எரியும் நெருப்பும் அதன்மேல் தொங்கும் இரும்புப் பாத்திரமும்தான் மொத்தச் சமையலறை. 1830கள், 40களில் சமையல் சோடா கடைகளுக்கு வந்தபோது, அதற்கு ஜோடியாக ஒரு பொருள் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது: வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் புளித்த மோர். வெண்ணெய் பெரும்பாலும் விற்பதற்கு, வாடகை கட்டுவதற்கு. மோர் வீட்டுக்கு. குடித்தது போக மீதி மாவில் சேர்ந்தது.

மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் நுரைக்கும். அந்த வாயுதான் ரொட்டியைப் பொங்கவைக்கிறது. ஈஸ்ட் மாதிரி மணிக்கணக்கில் காத்திருக்காது. மோர் பட்ட நொடியிலேயே வேலையைத் தொடங்கிவிடும், சீக்கிரமே ஓய்ந்தும் விடும். அதனால் கலந்தவுடன் நெருப்புக்குப் போக வேண்டும். பிசையப் பிசைய வாயு வெளியேறும், மாவும் இழுவையாக இறுகும். எனக்கு வந்தது அம்மிக்கல்லாக இருந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தெற்குப் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் இந்த ரொட்டியைக் ‘கேக்’ என்பார்கள். “ஒரு கேக் போட்டேன், வா” என்று கூப்பிட்டால் கிரீமும் செர்ரிப் பழமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வடக்கே, அல்ஸ்டர் பகுதியில், சோடா ரொட்டி என்றால் தோசைக்கல்லில் சுடும் கால்வட்டத் துண்டு. ஓவனில் சுடும் பழுப்பு ரொட்டிக்கு அங்கே ‘வீட்டன்’ என்று பெயர். ஒரே பெயரை நம்பிக் கடைக்குப் போனால் வேறு எதையாவது வாங்கிக்கொண்டுதான் வருவோம்.

கடையில் எதை எடுப்பது

மாவு வரிசையில் நின்றால் தலை சுற்றும். உங்களுக்கு வேண்டியது ‘பிளெய்ன்’ மாவு. சில பைகளில் ‘கிரீம் ஃப்ளவர்’ என்று போட்டிருக்கும். அதுவும் இதேதான், கிரீமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘ஸ்ட்ராங்’ என்று எழுதியிருப்பது ஈஸ்ட் ரொட்டிக்கு. ‘செல்ஃப் ரெய்சிங்’ பையில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், அதன்மேல் சோடாவும் போட்டால் வாயில் வைக்க முடியாது. நம் ஊர் மைதா பிளெய்ன் மாவுக்கு நல்ல மாற்று.

பழுப்பு ரொட்டிக்கு ‘கோர்ஸ் ஹோல்மீல்’ வாங்குங்கள். கையில் எடுத்தால் தவிடு செதில் செதிலாகத் தெரியும். ஆட்டா மாவு இதற்குச் சரிவராது: மிக நைசாக அரைத்தது, ரொட்டி களிபோல ஆகிவிடும். ஆட்டாவைத் தவிர வேறு வழியில்லை என்றால் கால் பங்கு கோதுமைத் தவிடு கலந்துகொள்ளலாம்.

சோடாவுக்கு இங்கே கடைப்பெயர் ‘பிரெட் சோடா’. நம் ஆப்ப சோடாதான். பேக்கிங் பவுடர் வேறு பொருள், பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், கவனம்.

அப்புறம் மோர். அட்டைப்பெட்டியில் வரும் அயர்லாந்து மோர், நாம் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிக்கிற மோர் இல்லை. கெட்டியாக, ஊற்றினால் மெதுவாக இறங்கும். இப்போது கடையில் விற்பது கொழுப்பு எடுத்த பாலில் உறை சேர்த்துப் புளிக்கவைத்தது. கடைந்த மோர் வேண்டுமென்றால் வீட்டில் வெண்ணெய் எடுப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். கிடைக்காத இடத்தில் நன்கு புளித்த தயிர் 3 பங்குக்குப் பால் 1 பங்கு கலந்து கடைந்துகொள்ளுங்கள், கச்சிதமாக இருக்கும். தயிரும் இல்லையா? 350 மில்லி பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரிதிரியாகும். ஆபத்துக்கு அது போதும், ருசி ஒரு மாற்றுக் குறைவு.

வெள்ளை சோடா ரொட்டி

பிளெய்ன் மாவு 450 கிராம், பிரெட் சோடா தலைதட்டி 1 தேக்கரண்டி, உப்பு தலைதட்டி 1 தேக்கரண்டி, மோர் 350 முதல் 400 மில்லி. சர்க்கரை கிடையாது, வெண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது. இவையெல்லாம் போட்டு இணையத்தில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தவை. அவை மோசம் என்று சொல்லவில்லை, தினசரி ரொட்டி அப்படி இருக்காது என்கிறேன்.

1. முதல் வேலை, ஓவனைப் பற்றவைப்பது. 230 டிகிரி. விசிறி ஓடுகிற ஓவன் என்றால் 210. ஓவன் முழுச்சூடு ஏறும்வரை மோர்ப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். தட்டில் லேசாக மாவு தூவி வைத்துக்கொள்ளுங்கள்.

2. சோடாவை அளந்து உள்ளங்கையில் கொட்டி, மறுகை விரலாலோ கரண்டியின் பின்புறத்தாலோ நசுக்கித் தேயுங்கள். பாட்டி இதைச் செய்யாமல் ஒருநாளும் மாவில் போட்டதில்லை. கடுகளவு கட்டி நின்றால்கூட வெந்த ரொட்டியில் மஞ்சள் புள்ளியாக வந்து நிற்கும். அந்த இடத்தைக் கடித்தால் சோப்பைக் கடித்த மாதிரி. தேய்த்த பிறகு மாவு, உப்போடு சேர்த்துச் சலித்துவிடுங்கள். சலிக்கும்போது சல்லடையைக் கொஞ்சம் உயரப் பிடித்தால் மாவில் காற்றும் சேரும்.

3. அகலமான பாத்திரம் வேண்டும். குழிவான கிண்ணத்தில் கை சுழலாது. நடுவில் குழி செய்து 350 மில்லி மோரையும் ஒரேயடியாக ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஒரு பக்கம் நனைந்து பசையாகும், மறுபக்கம் காய்ந்தே கிடக்கும். சரிசெய்யப் போய்ப் பிசைந்துவிடுவீர்கள்.

4. இனி கை. விரல்களை விரித்து, விறைப்பாக, கோழிக்கால் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வாருங்கள், ஓரத்து மாவை மோருக்குள் இழுத்தபடி. அழுத்தக் கூடாது. புட்டுக்கு மாவைப் பிசிறும்போது கை எவ்வளவு லேசாக இருக்குமோ அவ்வளவு லேசாக. ஏழெட்டுச் சுற்று போதும். காய்ந்த மாவு இன்னும் அடியில் நின்றால் மீதி மோரில் ஒரு கை தெளித்து இன்னொரு சுற்று. பதம் வடை மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நடுவே இருக்க வேண்டும்: ஒட்டும், ஆனால் வழியாது. மேடு பள்ளமாக, அரைகுறையாகக் கலந்த மாதிரி தெரியும். நம் கை அரிக்கும், இன்னும் நாலு தடவை அழுத்தினால் அழகாக வரும் என்று. வேண்டாம்.

5. கையைக் கழுவித் துடைத்து மாவு பூசிக்கொள்ளுங்கள். ஒட்டும் கையோடு தொட்டால் மாவு பிய்ந்து வரும். மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, ஓரங்களை உள்ளங்கையால் தட்டி வட்டமாக்கி, அப்படியே திருப்பிப் போடுங்கள். 4 சென்டிமீட்டர் உயரம்.

6. கத்தியால் சிலுவைக் குறி, ஓரத்திலிருந்து ஓரம் வரை, நன்றாக ஆழமாக. கேட்டால் தேவதைகளை வெளியேற்ற என்பார்கள், ரொட்டிக்கு ஆசீர்வாதம் என்பார்கள். ஆளுக்கொரு காரணம். அடுப்புக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: தடித்த நடுப்பகுதி கடைசியில் வேகும், வெட்டினால் சூடு அங்கே சீக்கிரம் போய்ச் சேரும். வெந்தபின் நாலாகப் பிட்கவும் சுலபம். நாலு காலிலும் கத்தி முனையால் ஒரு குத்து.

7. உடனே ஓவனில். 230ல் 15 நிமிடம், பிறகு 200க்குக் குறைத்து 25 முதல் 30 நிமிடம். எடுத்துக் கவிழ்த்து அடியில் விரல் முட்டியால் தட்டுங்கள். காலிப் பானையைத் தட்டிய சத்தம் வந்தால் வெந்துவிட்டது. மந்தமாக ‘பொத்’ என்றால் கவிழ்த்தபடியே இன்னும் ஐந்து நிமிடம்.

மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் கம்பித்தட்டில் ஆறவிடுங்கள். மெத்தென்று வேண்டுமென்றால் சுத்தமான துணியில் சுற்றுங்கள். சூட்டோடு அறுத்தால் உதிரும். அரைமணி நேரம் பொறுக்க வேண்டும் என்று பாட்டி சொல்லுவார், சொல்லிக்கொண்டே ஓரத்தைப் பிட்டு வெண்ணெய் வைத்து வாயில் போட்டுக்கொள்வார். வெண்ணெய் தடவுவது பற்றி இங்கே ஒரு கணக்கு உண்டு: கடித்தால் வெண்ணெயில் பல் தடம் தெரிய வேண்டும். மெலிசாகத் தடவினால் வீட்டுக்காரருக்குக் கஞ்சன் பட்டம்.

பழுப்பு ரொட்டிக்கு 225 கிராம் கோர்ஸ் ஹோல்மீல், 225 கிராம் பிளெய்ன் மாவு. தவிடு ஈரம் குடிக்கும், மோர் 400 மில்லி தாராளமாகப் போகும். மற்றதெல்லாம் அதேதான். உலர்ந்த கறுப்புத் திராட்சை ஒரு கையும் சர்க்கரை ஒரு கரண்டியும் வெள்ளை மாவில் சேர்த்தால் அது ஞாயிற்றுக்கிழமை ரொட்டி, பெயர் ‘ஸ்பாட்டட் டாக்’. புள்ளி நாய்!

தப்பு எங்கே நடந்தது என்று பார்க்க

பச்சைமஞ்சள் நிறம், சோப்பு வாடை வந்தால் சோடா கூடிவிட்டது, அல்லது மோரில் புளிப்பு போதவில்லை. நடுவில் பசை போல் இருந்தால் மோர் அதிகம் அல்லது ஓவன் சூடு ஏறும் முன் வைத்துவிட்டீர்கள். தட்டையாகப் பரவினாலும் மோர்தான் அதிகம். கல் மாதிரி இருந்தால் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த ரொட்டி அன்றைக்கு மட்டும் நன்றாக இருக்கும். மறுநாள் வாட்டித் தின்ன வேண்டும். மூன்றாம் நாளைக்கு வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஏறத்தாழ தினமும் சுட்டதற்கு அதுதான் காரணம்.

கணப்பும் மூன்றுகால் பானையும்

பாட்டி வீட்டு வராந்தாவில் துளசிமாடம் மாதிரி ஒரு இரும்புப் பானை இருக்கிறது, இப்போது அதில் ஜெரேனியம் பூச்செடி. மூன்று குட்டைக் கால், தட்டையான அடி, விளிம்பு வைத்த கனத்த மூடி. ‘பாஸ்டிபிள்’ என்பது பெயர். இந்த மாதிரிப் பானைகளை வார்த்து அனுப்பிய இங்கிலாந்தின் பார்ன்ஸ்டபிள் ஊர்ப்பெயர் வாயில் நுழைந்து திரிந்து இப்படி ஆனதாம்.

கணப்புக்குப் பக்கச் சுவரில் கதவு போலச் சுழலும் ஓர் இரும்புக் கை இருக்கும். அதில் கொக்கி மாட்டிப் பானையைத் தொங்கவிட்டு, நெருப்புக்கு நேராகத் திருப்புவார்கள். சூடு கூட வேண்டுமென்றால் கொக்கியில் ஒரு கண் இறக்குவது, குறைய வேண்டுமென்றால் ஒரு கண் ஏற்றுவது. நம் கேஸ் திருகி மாதிரித்தான். எரிப்பது டர்ஃப்: சதுப்பு நிலத்தில் ‘ஸ்லான்’ என்ற ஒடுக்கமான மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டி, கோடையில் அடுக்கிக் காயவைத்த கரிய மண்கட்டி. சுவாலை குறைவு, தணல் வெகுநேரம் நிற்கும்.

பானையை முதலில் சுடவைத்து, மாவு தூவி, ரொட்டியை இறக்கி மூடுவார்கள். பிறகு இடுக்கியால் சிவந்த தணலை எடுத்து மூடியின் மேலே பரப்புவார்கள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. ஓவன் கையில் இல்லாதவர்கள் செய்துகொண்ட ஓவன். இடையில் மூடியைத் திறந்து பார்க்க முடியாது, திறந்தால் சாம்பல் ரொட்டியில் விழும். வாசனையை வைத்தே வெந்ததைச் சொல்லிவிடுவார்கள் என்று பாட்டி சொல்கிறார். எனக்கு டைமர் இல்லாமல் கை ஓடாது. வீட்டில் மூடியோடு கனத்த வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால், ஓவனிலேயே அதைச் சூடாக்கி, ரொட்டியை உள்ளே போட்டு மூடிச் சுட்டுப்பாருங்கள். கடைசிப் பத்து நிமிடம் மூடியை எடுத்துவிட வேண்டும். மேல்தோல் மெலிசாக, உள்ளே பஞ்சாக வரும்.

கிராமங்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் திட்டத்தின் முதல் கம்பத்தை டப்ளினுக்கு வடக்கே கில்சல்லகனில் 1946 நவம்பர் 5ல் நட்டார்கள். அது எல்லா ஊர்களுக்கும் போய்ச்சேரப் பல வருடம் ஆயிற்று. அதுவரை பல வீடுகளில் இந்தப் பானைதான். மாவு 10 ஸ்டோன், அதாவது ஏறக்குறைய 63 கிலோ, துணி மூட்டையில் வரும். மூட்டை காலியானதும் துணியைக் கொதிக்கவைத்து அச்செழுத்தைப் போக்கி, தலையணை உறையும் ஏப்ரனும் தைப்பார்கள். பல படுக்கை விரிப்புகளில் எழுத்து முழுசாகப் போகாமல் மாவு ஆலையின் பெயர் மங்கலாகத் தெரியுமாம்.

மோர் கடைந்த விதமும் பார்க்கத் தக்கது. உயரமான மர வாளி, மூடியில் ஓட்டை, அதன் வழியே நீண்ட தடி. நாம் மத்தைச் சுழற்றுவோம். இவர்கள் உலக்கை போடுவது மாதிரி மேலும் கீழும். கடையும் நேரத்தில் யார் வீட்டுக்குள் வந்தாலும் ஒரு கை பிடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பிடிக்காமல் போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று பொருள். கை ஓய்ந்துபோன பெண் ஒருத்தி கண்டுபிடித்த சம்பிரதாயமாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். 1889ல் லிமெரிக் கவுண்டியின் ட்ரம்கொலகரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கி, பிறகு ஊருக்கு ஊர் பரவியதும் வீட்டுக் கடைசல் மெல்லக் குறைந்துபோயிற்று.

தோசைக்கல்லில் ஃபார்ல்

ஓவன் இல்லாதவர்கள் நேரே இங்கே வரலாம். ‘ஃபார்ல்’ என்றால் நாலில் ஒரு பங்கு. 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, 200 மில்லி மோர். மேலே சொன்னபடியே லேசாகக் கலந்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, நாலாக வெட்டுங்கள்.

கனத்த இரும்புத் தோசைக்கல், எண்ணெய் வேண்டாம். தீ சிறியது. சூடு சரியா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்காதீர்கள், ஒரு சிட்டிகை மாவு தூவுங்கள். ஒரு நிமிடத்தில் மெதுவாகப் பொன்னிறம் வந்தால் பதம். போட்டவுடன் கருகினால் கல்லை இறக்கி ஆறவையுங்கள். பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். நமக்குத் தோசைக்கல் முன்னால் பொறுமை இருக்காது, நானும் முதல் நாள் தீயைக் கூட்டி வெளியே கருக்கி உள்ளே மாவாகவே தின்றேன். இரண்டு பக்கமும் வெந்தபின் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரங்களையும் ஒவ்வொன்றாகக் கல்லில் காட்டுங்கள். வெட்டிய ஓரம்தான் வேகாமல் நிற்கும். வடக்கத்துக் காலைச் சாப்பாட்டில் இதை நடுவே பிளந்து, பன்றி இறைச்சி பொரித்த கொழுப்பில் வாட்டுவார்கள். சைவர்கள் வெண்ணெயில் வாட்டிக்கொள்ளலாம்.

உருளைக்கிழங்கு

ரொட்டியைப் பற்றிப் பேசி கிழங்கை விட்டால் இந்த ஊரில் மன்னிக்க மாட்டார்கள். 1840களுக்கு முன், ஏழை விவசாயக் கூலி ஒருவர் கிழங்கு மிகுந்த மாதங்களில் ஒரு நாளைக்கு ஐந்து கிலோவுக்கும் மேல் தின்றார். கிழங்கும் மோரும், வேளாவேளைக்கு அதுவே. பெரும்பாலும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தை நட்டிருந்ததால், 1845ல் கருகல் நோய் வந்தபோது தப்பிப் பிழைக்க வேறு ரகம் இல்லை. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். தானியமும் கால்நடையும் அப்போதும் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. நிவாரணமாக வந்த மக்காச்சோள மாவை, அதுவரை அதைச் சமைத்தறியாத வீடுகள் பசியில் சமைத்துத் தின்னக் கற்றன. மஞ்சள் மாவு என்று அதற்குப் பெயர்; பிற்பாடும் வெகுகாலம் ஏழை வீட்டு ரொட்டியிலும் கஞ்சியிலும் அது கலந்தது. எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் கொஞ்சம் தாழும்.

சரி, கிழங்கை வேகவைப்பதற்கு வருவோம். ‘கெர்ஸ் பிங்க்’, ‘கோல்டன் வொண்டர்’, ‘ரூஸ்டர்’ இவற்றில் ஒன்றை வாங்குங்கள். சிவந்த தோல் ரூஸ்டர், கார்லோ அருகே ஓக் பார்க் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவாக்கியது, எந்தக் கடையிலும் கிடைக்கும். எல்லாமே மாவாக வேகும் ரகங்கள். இங்கே கிழங்குக்குக் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு ‘மாவு உருண்டை’. தோல் வெடித்து வெள்ளையாகத் தெரிந்தால் கிழங்கு சிரிக்கிறது என்பார்கள்.

தோலோடு, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஏற்றுங்கள். பாதிக்கு மேல் வெந்ததும் தண்ணீரை வடித்து, அரைக் கை அளவு மட்டும் விட்டு, மூடி சிறுதீயில் ஆவியிலேயே வேகவிடுங்கள். கடைசிவரை தண்ணீரில் கிடந்தால் வெடித்துக் கரைந்து சூப் ஆகிவிடும். கத்தி தடையில்லாமல் இறங்கினால் ஒரு துணியை மேலே போட்டு இரண்டு நிமிடம். தோலைச் சாப்பிடும்போது அவரவர் உரித்துக்கொள்வார்கள்.

எப்போதும் இரண்டு பங்கு வேகவையுங்கள். மிச்சம்தான் அடுத்த வேளை. சூடு ஆறுவதற்குள் மசித்து வையுங்கள். 500 கிராம் மசியலுக்கு 100 கிராம் மாவு, ஒரு எலுமிச்சை அளவு வெண்ணெய், உப்பு. மெலிசாகத் திரட்டி நாலாக வெட்டிக் காய்ந்த கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். இதுதான் கிழங்கு ரொட்டி. ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கில் செய்தால் மாவு அதிகம் கேட்கும், ரப்பர் மாதிரி வரும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

எங்கள் லீட்ரிமின் பெருமை ‘பாக்ஸ்டி’. கேவன், ஃபர்மானா, ஸ்லைகோ பக்கமும் உரிமை கொண்டாடுவார்கள், அந்தச் சண்டையில் நான் இல்லை. 250 கிராம் பச்சைக் கிழங்கைத் துருவி, துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்நீரைச் சாய்த்துவிட்டு அந்தப் படிவைத் துருவலில் சேர்க்க வேண்டும், பாக்ஸ்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். இதோடு வெந்து மசித்த கிழங்கு 250 கிராம், மைதா 250 கிராம், அரைத் தேக்கரண்டி சோடா, உப்பு. தோசைமாவை விடக் கொஞ்சம் கெட்டியாக வரும்வரை மோர் விட்டுக் கலந்து, ஊத்தப்பம் மாதிரி கனமாக ஊற்றி, வெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்கச் சுடுங்கள். துருவிய கிழங்கு கறுக்கத் தொடங்கிவிடும், அதனால் துருவுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். துருவி வாங்கக் காசில்லாத காலத்தில் தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் துருவியாக்கினார்கள். பாக்ஸ்டி சுடத் தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று ஒரு பாட்டே இருக்கிறது. ஆண்களுக்கு அப்படி ஒரு பாட்டு இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். மசியலில் பாலில் கொதிக்கவைத்த வெங்காயத்தாளைச் சேர்த்தால் ‘சேம்ப்’. கேல் கீரையோ முட்டைக்கோஸோ வேகவைத்து நறுக்கிச் சேர்த்தால் ‘கோல்கேனன்’. இரண்டிலும் நடுவே குழி செய்து வெண்ணெய் வைத்து, ஓரத்திலிருந்து எடுத்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அக்டோபர் 31 இரவு கோல்கேனனுக்குள் மோதிரம் ஒளித்து வைப்பார்கள், கிடைத்தவருக்கு அந்த வருடம் கல்யாணம். விருந்துக்குப் போனால் மெதுவாகக் கடியுங்கள்.

சாப்பாட்டு நேரமும் காலைக் கஞ்சியும்

பெரியவர்கள் ‘டின்னர்’ என்றால் மத்தியானம் ஒரு மணி. கிழங்கு அப்போது. ‘டீ’ என்றால் மாலை ஆறு மணிச் சாப்பாடு: ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, கடுங்காப்பி நிறத்தில் பால் விட்ட தேநீர். டீக்குக் கூப்பிட்டார்களே என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் நான் விழித்திருக்கிறேன்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. ‘ஸ்டிரபௌட்’ என்பார்கள், கிண்டிக்கொண்டே இருப்பது என்று அர்த்தம். ‘பின்ஹெட்’ ஓட்ஸ் வாங்குங்கள். அவல் மாதிரித் தட்டையாக இருக்காது, குருணை மாதிரி உடைத்திருக்கும். ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணீர், ராத்திரியே ஊறப்போட வேண்டும். காலையில் உப்புப் போட்டு இருபது நிமிடம் கிண்டினால் போதும். மேலே குளிர்ந்த பாலோ மோரோ.

கணப்பு இருந்த நாட்களில் படுக்கப் போகும் முன் தணலை ஒன்றுசேர்த்துச் சாம்பலால் மூடி, பிரிஜித் புனிதரை வேண்டிக்கொள்வார்கள். காலையில் சாம்பலை விலக்கினால் உள்ளே சிவப்பு இருக்கும், ஊதினால் கஞ்சிக்கு நெருப்பு தயார். பாட்டி வீட்டில் இப்போது கணப்பு கிடையாது. ஓட்ஸை மட்டும் ஊறப்போட்டுவிட்டு விளக்கை அணைக்கிறார்.